பேப்பர் வாங்காத வீடு

மார்ச் 4

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். நீங்களும் அம்மாவும் நலம் என்று தெரியும். முந்தாநாள்தானே ஃபோனில் பேசினோம். அப்புறம் எதற்குக் கடிதம் என்று கேட்பீர்கள். ஃபோனில் நீங்கள் பேசுவதே இவ்வளவுதான்: "நல்லாருக்கியா? சாப்பிட்டியா? இந்தா, அம்மாகிட்ட பேசு." அம்மாவிடம் போனால் பக்கத்து வீட்டுக் கதை முடிவதற்குள் எனக்கு வகுப்பு மணி அடித்துவிடுகிறது. நான் சொல்ல வந்தது இரண்டுக்கும் நடுவில் நசுங்கிப் போகிறது. அதனால் எழுதுகிறேன். அம்மாவிடம் இப்போதைக்குக் காட்ட வேண்டாம். உங்களால் அது முடியாது என்பதும் எனக்குத் தெரியும்.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். நான் பல்கலைக்கழகம் மாற ஆசைப்படுகிறேன் அப்பா. மருந்தியலை இந்த இரண்டாம் ஆண்டோடு நிறுத்திவிட்டு, கடலோர நகரத்தில் இருக்கும் பல்கலைக்கழகத்தில் இதழியல் படிக்கலாம் என்று இருக்கிறேன். நான் முடித்த பாடங்களில் பாதியை அங்கே ஏற்றுக்கொள்வார்கள். ஒரு வருஷம் வீணாகும்.

இது திடீரென்று வந்த கிறுக்கு இல்லை. இங்கே மாணவர்கள் நடத்தும் வாரப் பத்திரிகையில் நான் எழுதுகிறேன் என்று சொல்லியிருக்கிறேனே, நீங்கள்கூட "படிப்பு கெடாம பாத்துக்க" என்றீர்களே. போன மாதம் விடுதியின் மருத்துவ அறைக்குத் தலைவலி மாத்திரை வாங்கப் போனேன். கொடுத்த மாத்திரை காலாவதியாகி ஒரு வருஷம் ஆகியிருந்தது. அலமாரியை எட்டிப் பார்த்தால் பாதி மருந்து அப்படித்தான். நர்ஸிடம் கேட்டேன், பொறுப்பு டாக்டரிடம் கேட்டேன், மருந்து வாங்கும் பிரிவில் போய் நின்றேன். மூன்று பேரும் சொன்னதை எழுதினோம். பத்திரிகை வந்த வாரமே அலமாரி காலியாகி, புது மருந்து வந்துவிட்டது. நான் இங்கே படித்த மருந்தியலெல்லாம் ஒன்றுசேர்ந்து உருப்படியாக ஒரு வேலை செய்தது அன்றைக்குத்தான் என்று தோன்றியது.

மாறுதல் விண்ணப்பத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். ஏப்ரல் கடைசிக்குள் அனுப்ப வேண்டும். உங்கள் கையெழுத்து வேண்டும். கோபப்படாமல் யோசித்து எழுதுங்கள்.

என்றும் உங்கள்,
வாயாடி


மார்ச் 11

அன்பு மகளுக்கு,

உன் கடிதம் வந்தது. பஸ் டிப்போவில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் படித்தேன். கண்டக்டர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "என்னண்ணே, பொண்ணு மாப்பிள்ளை பாத்துடுச்சா?" என்றான். அதுவாக இருந்தால்கூடப் பரவாயில்லை என்று வாய்வரை வந்தது. சொல்லவில்லை.

அம்மாவிடம் காட்டவில்லை. அவளே சட்டைப் பையிலிருந்து எடுத்துப் படித்துவிட்டாள். துவைக்கப் போட்ட சட்டை, அதில் என் தப்பு எதுவும் இல்லை.

நீ கெட்டிக்காரி. மாத்திரை விஷயத்தில் செய்தது நல்ல காரியம்தான். ஆனால் அதை மருந்தியல் படித்துக்கொண்டேதானே செய்தாய்? படிப்பை விட்டால்தான் செய்ய முடியும் என்று யார் சொன்னது? மருந்தியல் முடித்தால் எந்த ஊரிலும் வேலை. வெள்ளைக் கோட்டு, உட்கார நாற்காலி, மழை வெயில் படாத இடம். உன் அத்தை பார்க்கிறவர்களிடமெல்லாம் "எங்க அண்ணன் பொண்ணு மருந்து டாக்டர்" என்று சொல்லிக்கொண்டு திரிகிறாள். அப்படி ஒரு டாக்டரே கிடையாது என்று எத்தனை தடவை சொன்னாலும் கேட்பதில்லை. அவளுக்கு நான் என்ன பதில் சொல்வேன்?

அந்த ஊர் வேறு தூரம். ரயிலில் ஒரு ராத்திரியும் ஒரு பகலும் என்றாள் அம்மா. உனக்குக் காய்ச்சல் என்றால் நாங்கள் வந்து சேர்வதற்குள் அது தானே சரியாகிவிடும்.

நன்றாக யோசி. என் கையெழுத்து எங்கேயும் ஓடிப் போகாது. மற்றபடி இங்கே எல்லாம் சுகம். பின் வீட்டுப் பூனை உன் கட்டிலில்தான் தூங்குகிறது. துரத்தினால் அம்மா சண்டைக்கு வருகிறாள்.

அன்புடன்,
அப்பா


மார்ச் 16

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. சிரித்தேன், அப்புறம் திரும்பப் படித்தேன். அத்தையின் பேச்சு, நாற்காலி, ரயில், பூனை எல்லாம் இருந்தது. என் கேள்விக்குப் பதில் மட்டும் இல்லை.

நீங்கள் எதையோ சொல்லாமல் விடுகிறீர்கள். அத்தைக்குப் பயந்தவர் இல்லை நீங்கள். அவர் என்ன சொல்வார் என்று பார்த்து என்றைக்காவது எதையாவது முடிவு செய்திருக்கிறீர்களா? நான் பள்ளியில் கணக்கை விட்டு அறிவியல் எடுத்தபோது, "உனக்குப் பிடிச்சதைப் படி, பிடிக்காததைப் படிச்சா பொய்யா தலையாட்டிட்டே இருக்கணும்" என்று சொன்னது நீங்கள்தானே? இப்போது மட்டும் ஏன் வெள்ளைக் கோட்டைக் காட்டுகிறீர்கள்?

இங்கே பத்திரிகையில் இருப்பவர்கள் எல்லோரும் வீட்டில் பேப்பர் படித்து வளர்ந்தவர்கள். காலையில் அப்பா ஒரு பக்கம், அம்மா ஒரு பக்கம் என்று பிரித்துப் படிப்பார்களாம். நம் வீட்டில் ஒருநாள்கூடப் பேப்பர் வாங்கியதில்லை. கடைப் பொட்டலத்தில் பாதிச் செய்தி படித்து, மீதியை நானே கற்பனை செய்துகொண்டு வளர்ந்தவள் நான். பொட்டலத்தைக்கூட நீங்கள் கசக்கிக் குப்பையில் போட்டுவிடுவீர்கள். பேப்பரைக் கையாலும் தொடாத உங்களுக்கு அந்த வேலையைப் பற்றி என்ன தெரியும் அப்பா?

கடைசி வரியை எழுதிவிட்டு அடித்துவிடலாமா என்று பார்த்தேன். அடிக்கவில்லை. கோபம் இருந்தால் திட்டி எழுதுங்கள், சும்மா இருக்காதீர்கள்.

உங்கள்,
வாயாடி


மார்ச் 25

அன்பு மகளுக்கு,

திட்டுவதற்கு ஒன்றும் இல்லை. நீ கேட்டது நியாயமான கேள்வி. எனக்கு என்ன தெரியும் என்று சொல்கிறேன். இதைச் சொல்லாமலே காலத்தை ஓட்டிவிடலாம் என்று நானும் அம்மாவும் நினைத்திருந்தோம். நேற்று அவள்தான், "எழுதிடுங்க, அவ இனி சின்னப் பொண்ணு இல்லை" என்றாள்.

நீ ஒன்றாம் வகுப்பில் இருந்தாய். அப்போது நாம் வேறு ஊரில், பழைய மார்க்கெட்டுக்குப் பின்னால் குடியிருந்தோம். நான் ஓட்டியது மேட்டிலிருந்து மார்க்கெட்டுக்கு இறங்கும் பஸ். ஒரு சாயங்காலம், நிற்க இடமில்லாத கூட்டம். இறக்கத்தில் பிரேக்கை மிதித்தேன், கால் தரைவரை போனது. பஸ் நிற்கவில்லை. கீழே மார்க்கெட் வாசலில் அத்தனை ஜனம். இடது பக்கம் ஒரு கிடங்கின் சுவர் இருந்தது. "கெட்டியா பிடிச்சுக்குங்க" என்று கத்தினேன், சுவரில் கொண்டுபோய் மோதினேன். பஸ்ஸில் இருந்தவர்களுக்கு அடிதான் பட்டது. சுவரோரம் ஒரு பெரியவர் நின்றிருந்தார். நான் திருப்பும்போது அவர் அங்கே இல்லை என்றுதான் இன்றுவரை நினைக்கிறேன். அவர் உயிர் போய்விட்டது.

அந்தப் பெரியவரை நான் மறந்த நாள் இல்லை. அது என் பாரம், உன்னிடம் இறக்கி வைக்க வேண்டியது இல்லை.

மறுநாள் பேப்பரில் என் படம். மேலே பெரிய எழுத்தில், "குடிபோதையில் பஸ் ஓட்டிய டிரைவர்". நான் குடிப்பதில்லை, உனக்கே தெரியும். அன்றைக்குச் சாயங்காலமே ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்துப் பார்த்து, ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். அப்புறம் விசாரணையில் பிரேக் குழாய் வெடித்ததுதான் காரணம் என்று முடிவாகி, வேலையிலும் சேர்த்துக்கொண்டார்கள். அதெல்லாம் ஒரு வரிகூட எங்கேயும் வரவில்லை.

அம்மா உன்னைக் கையில் பிடித்துக்கொண்டு பேப்பர் ஆபீஸுக்குப் போனாள். நல்ல மரியாதைதான். நாற்காலி போட்டார்கள், தண்ணீர் கொடுத்தார்கள். "மறுப்பு போட்டுடறோம்மா, நீங்க கவலைப்படாம போங்க" என்றார்கள். அவள் மாசக்கணக்கில் தினமும் கடையில் நின்று பேப்பரைப் பிரித்துப் பார்த்தாள். ஒருநாள் கடைக்காரர், "வாங்கறதுன்னா வாங்குங்கம்மா" என்று சொல்லிவிட்டார். அதோடு நிறுத்திவிட்டாள்.

பள்ளிக்கூடத்தில் உன்னைக் குடிகாரன் பொண்ணு என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். நீ வந்து, "அப்பா, குடிகாரன்னா யாரு?" என்று கேட்டாய். எனக்கு வாயில் வந்ததைச் சொன்னேன்: "நிறைய தண்ணி குடிக்கிறவங்க." நீ மறுநாள் வகுப்பில் போய், "ஆமா, எங்க அப்பா நிறைய தண்ணி குடிப்பாரு" என்று பெருமையாகச் சொல்லியிருக்கிறாய். டீச்சர் அம்மாவைக் கூப்பிட்டு அனுப்பினார். வேலையில் திரும்பச் சேர்ந்ததும் மாற்றல் கேட்டு இந்த ஊருக்கு வந்துவிட்டோம்.

அந்த வேலையைப் பற்றி எனக்குத் தெரிந்தது இதுதான். நீ அந்த வேலைக்குப் போகிறேன் என்கிறாய். நீ நல்ல பெண். அந்தச் செய்தியை எழுதியவனும் அவன் வீட்டில் நல்ல பிள்ளையாகத்தான் இருந்திருப்பான்.

விண்ணப்பம் என்னிடம்தான் இருக்கிறது. கிழித்துப் போடவில்லை.

அப்பா


ஏப்ரல் 10

அன்புள்ள அப்பாவுக்கு, அம்மாவுக்கும்,

பதில் எழுத இத்தனை நாள் ஆகிவிட்டது. மன்னியுங்கள். நாலைந்து முறை ஆரம்பித்து, "அப்பா" என்று எழுதியதற்கு மேல் போகவில்லை.

டீச்சர் முகம் நினைவிருக்கிறது. நான் சொன்னதும் வகுப்பே சிரித்தது, அவர் சிரிக்கவில்லை, என் தலையைத் தடவிக் கொடுத்தார். நான் ஏதோ நல்லது சொல்லிவிட்டேன் என்று இத்தனை வருஷமாக நினைத்திருந்தேன். அப்பா, நான் கேட்ட கேள்விக்காக உங்களிடம் மன்னிப்புக் கேட்கவும் தெரியவில்லை. நேரில் வரும்போது கேட்கிறேன். நீங்கள் உடனே பேச்சை மாற்றுவீர்கள், பரவாயில்லை.

இதற்கு நடுவில் இங்கே ஒன்று நடந்துவிட்டது. எங்கள் நூலகத்தில் ஒரு வாட்ச்மேன் இருக்கிறார். பேச்சே இல்லாத மனுஷர், குடையை மறந்து வைத்துவிட்டுப் போனால் பின்னால் ஓடி வந்து கொடுப்பார். அவர் ஒரு கோணி நிறைய நூலகப் புத்தகங்களைப் பழைய புத்தகக் கடையில் போட்டதை யாரோ பார்த்துப் படம் எடுத்துவிட்டார்கள். படம் எங்கள் பத்திரிகைக்கு வந்தது. ஆசிரியராக இருக்கும் சீனியரை நாங்கள் தாடி என்று கூப்பிடுவோம். அவர் உட்கார்ந்த இடத்திலேயே தலைப்பு வைத்துவிட்டார்: "நூலகத்தில் திருடன்". என்னை எழுதச் சொன்னார்.

"அவர்கிட்ட கேட்டீங்களா?" என்றேன்.

"படம் இருக்கே, இன்னும் என்ன கேக்கணும்? நாளைக்கு அச்சுக்குப் போகணும்" என்றார்.

உங்கள் கடிதம் என் பையில்தான் இருந்தது. நான் கிளம்பிவிட்டேன். இரண்டு பஸ் மாறி, ஒரு டயர் கடைக்கு மேலே இருந்த அவர் வீட்டைக் கண்டுபிடித்தேன். கதவைத் திறந்ததும் குடையைத் தேடித்தான் வந்திருக்கிறேன் என்று நினைத்துவிட்டார். விஷயத்தைச் சொன்னேன். அப்படியே சுவரில் சாய்ந்துகொண்டார். "கழிச்சுப் போட்ட புத்தகம்மா. துணை நூலகர்தான் கொண்டுபோய்ப் போடச் சொன்னாங்க. கிடைச்ச காசை அவங்க கையிலதான் குடுத்தேன்" என்றார். அவர் மனைவி என் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

திரும்பி வந்து துணை நூலகரைப் பிடித்தேன். "ஆமா, நான்தான் சொன்னேன். ஆனா என் பேரைப் போடாதீங்க, மேல அனுமதி வாங்கல" என்றார். தாடியிடம் ஓடினேன். "அவரே பேர் வேண்டாம்னா அது ஆதாரமா? அவங்க தரப்பை அடுத்த வாரம் போட்டுக்கலாம்" என்றார். நான் எழுத மாட்டேன் என்றேன். அவரே எழுதினார். படத்தோடு வந்தது. வாட்ச்மேனை வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

அப்பா, நீங்கள் சொன்னது சரி. தாடி கெட்டவர் இல்லை. போன மாதம் எனக்குக் காய்ச்சல் வந்தபோது மருந்து வாங்கி வந்ததே அவர்தான். அதுதான் பயமாக இருக்கிறது. இன்னும் ஐந்து வருஷம் இதே வேலையில் இருந்தால் நானும் "படம் இருக்கே" என்று சொல்லிவிடுவேனோ என்று தோன்றுகிறது. விண்ணப்பத்தைக் கிழித்துவிடுங்கள். நான் மருந்தியலையே முடிக்கிறேன். அத்தையும் சந்தோஷப்படட்டும்.

உங்கள் மகள்


ஏப்ரல் 15

அன்பு மகளுக்கு,

முதலில் ஒன்று. "உங்கள் மகள்" என்று கையெழுத்துப் போட்டிருந்தாய். அம்மா அதைப் பார்த்துத்தான் அழுதாள், மீதியை அப்புறம்தான் படித்தாள். எப்போதும் போடுவதையே போடு.

உன் கடிதத்தை அவள் எனக்கு வாய்விட்டுப் படித்தாள். வாட்ச்மேன் வீட்டுக்கு நீ போன இடம் வந்ததும் நிறுத்திவிட்டாள். "என்ன?" என்றேன். "நம்ம வீட்டுக்கு ஒருத்தரும் வரல இல்ல?" என்றாள். மேற்கொண்டு படிக்கவில்லை. நானே வாங்கிப் படித்தேன்.

அப்போது நாம் இருந்த வீடு பேப்பர் ஆபீஸிலிருந்து நடந்து வருகிற தூரம்தான். யாராவது ஒரு ஆள் வந்து கதவைத் தட்டி, "என்ன டிரைவர், குடிச்சிருந்தீங்களா?" என்று கேட்டிருந்தால் எனக்குக் கோபம் வந்திருக்கும். கெட்ட வார்த்தைகூட வந்திருக்கும். ஆனால் பதில் சொல்லியிருப்பேன். இத்தனை வருஷமாக அந்த ஆளுக்காக மனசுக்குள் பதில் சொல்லிக்கொண்டே இருக்கிறேன், வண்டி ஓட்டும்போதும், குளிக்கும்போதும். கேட்க யாரும் வரவில்லை.

நீ போய்க் கேட்டிருக்கிறாய். யாரும் அனுப்பாமல், இரண்டு பஸ் மாறி. இந்த மாதிரி ஒருத்தி அந்த வேலைக்குப் போக வேண்டாம் என்று நான் எப்படிச் சொல்வது? உன்னைப் போன்றவர்களெல்லாம் மருந்துக் கடைக்குப் போய்விட்டால் பேப்பர் ஆபீஸில் மிச்சம் இருப்பது யார்?

விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டு இத்துடன் வைத்திருக்கிறேன். அதற்காக என் பயம் போய்விட்டது என்றோ, நாளையிலிருந்து வீட்டில் பேப்பர் வாங்குவேன் என்றோ நினைத்துவிடாதே. நீ போவது வேறு, அது வேறு.

இன்னொன்று. அந்த வாட்ச்மேனை அப்படியே விட்டுவிட்டு ரயில் ஏறாதே. துணை நூலகரிடம் திரும்பப் போ. திரும்பத் திரும்பப் போ. என்னிடம் சைக்கிள் வாங்கித் தரச் சொல்லி எப்படி உயிரை எடுத்தாயோ அப்படிப் போ. நீ கேட்டுக் கொடுக்காமல் தப்பித்தவன் இந்த வீட்டில் யாரும் கிடையாது.

அன்புடன்,
அப்பா


மே 21

அன்புள்ள அப்பாவுக்கும் அம்மாவுக்கும்,

இடம் கிடைத்துவிட்டது. கடிதம் காலையில்தான் வந்தது. உங்களிடம் சொன்ன பிறகுதான் மற்றவர்களிடம் சொல்வேன் என்று பையில் வைத்துக்கொண்டு சுற்றினேன், பத்து நிமிஷத்தில் அறைத்தோழி கண்டுபிடித்துவிட்டாள்.

வாட்ச்மேன் விஷயம். துணை நூலகரிடம் போனேன். தான் இல்லை என்று பியூனைச் சொல்லச் சொன்னார், வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். மறுநாளும் போனேன். சண்டை போடவில்லை அப்பா. தேர்வுக்குப் படிக்க வேண்டிய புத்தகத்தை எடுத்துக்கொண்டு போய் அங்கேயே உட்கார்ந்து படித்தேன். கடைசியில் அவரே வெளியே வந்து, "உனக்கு வேற வேலை இல்லையா?" என்றார். "வாட்ச்மேனுக்குத்தான் வேலை இல்லை மேடம்" என்றேன். "எனக்கும் வீட்ல தூக்கம் இல்லம்மா" என்று சொல்லிவிட்டு, பதிவாளரைப் பார்க்க அவரே நடந்து போனார். அவருக்கு எச்சரிக்கை கொடுத்தார்கள். வாட்ச்மேனைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். நூலகத்தில் இல்லை, பல்கலைக்கழகப் பின் வாசலில்.

தாடியிடம் முழுவதும் எழுதிக் கொடுத்தேன். உள்பக்கத்தில் போடுகிறேன் என்றார். முதல் பக்கத்தில் வந்தது முதல் பக்கத்திலேயே சரியாக வேண்டும் என்றேன். இரண்டு நாள் பேசவில்லை. அப்புறம் முதல் பக்கத்தில், கீழே, சின்னதாகப் போட்டார். அதற்கு மேல் என்னால் முடியவில்லை.

பத்திரிகையை எடுத்துக்கொண்டு பின் வாசலுக்குப் போனேன். வாட்ச்மேன் வாங்கிப் படித்தார். நன்றியெல்லாம் சொல்லவில்லை. "முதல்லயே கேட்டிருக்கலாமேம்மா" என்றார். "ஆமாங்க" என்றேன்.

அடுத்த வாரம் வீட்டுக்கு வருகிறேன். மூன்று வாரம் இருப்பேன். அம்மாவின் கட்டிலில் படுத்துக்கொள்கிறேன், பூனையை எழுப்ப வேண்டாம்.

உங்கள்,
வாயாடி


ஜூன் 19

அன்பு மகளுக்கு,

நீ போய்ச் சேர்ந்தாய் என்று ஃபோன் வந்ததும்தான் அம்மா சாப்பிட்டாள். அறை மூன்றாம் மாடி என்றாய். மாடிக் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து நிற்காதே என்று அவள் எழுதச் சொன்னாள். எழுதிவிட்டேன்.

உன்னை ரயில் ஏற்றிவிட்டு என் பஸ்ஸிலேயே திரும்பினோம். வேறு டிரைவர். நான் பின் சீட்டில் பயணியாக உட்கார்ந்து பார்த்தேன். அவன் வளைவில் திருப்பிய வேகத்தில் அம்மா என் மடியில் வந்து விழுந்தாள். "நீங்க எவ்வளவோ தேவலை" என்றாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் என் ஓட்டுதலைப் பற்றி அவள் சொன்ன முதல் நல்ல வார்த்தை.

அத்தையிடம் நானே சொல்லிவிட்டேன். "அப்ப டி.வி.யில வருவாளா?" என்றாள். இப்போது எல்லோரிடமும் அதைச் சொல்லிக்கொண்டு திரிகிறாள். இதையும் நான் மறுக்கப் போவதில்லை.

இன்று சாயங்காலம் வேலை முடிந்து வந்து உன் அறையில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். காரணம் ஒன்றும் இல்லை. அங்கே காற்று நன்றாக வருகிறது.

ஒன்று கேட்க வேண்டும். ரயில் நகர ஆரம்பித்ததும் நீ கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்து ஏதோ சொன்னாய். கையை வேறு ஆட்டி ஆட்டிச் சொன்னாய். கண்ணாடி மூடியிருந்தது, எனக்கு ஒரு எழுத்தும் கேட்கவில்லை. அம்மா, "என்ன சொல்றா, என்ன சொல்றா" என்று என் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள். நீ அவ்வளவு ஆசையாகச் சொல்லும்போது கேட்கவில்லை என்று எப்படிக் காட்டுவது? சரி சரி என்று பலமாகத் தலையாட்டிவிட்டேன். நீ சிரித்துவிட்டு உட்கார்ந்தாய்.

எதற்குச் சம்மதம் சொன்னேன் என்று எழுது. எதுவாக இருந்தாலும் சம்மதம்தான்.

அன்புடன்,
அப்பா